கேளாமல் வந்த சோறு

நான் கேக்கல. அண்ணாச்சி, நீங்களே பாத்திய, டிக்கெட் எடுங்கன்னு உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கல. கண்டக்டர் வந்து நின்னான். நான் கண்ண மூடி, ஆண்டவரே, ஆலடிவிளை விலக்கு வரைக்கும் நீரே பாத்துக்கிடும்னு ஜெபம் பண்ணினேன். கொஞ்சம் சத்தமாப் பண்ணிட்டேன் போல. கண்ணத் தொறக்கையில டிக்கெட் என் மடியில கெடக்கு. ஸ்தோத்திரம். உங்களுக்கு இல்ல, அவருக்கு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய. குழாயில தண்ணி வந்தா குழாய்க்கா கும்பிடு போடுதோம்?

கடலையா? இதையும் நான் கேக்கல. சரி, நீட்டுன கைய மடக்கச் சொல்லக்கூடாது. கொண்டாங்க. ஒரு நிமிஷம், ஜெபம் பண்ணிக்கிடுதேன்.

ஆமென். நல்லா வறுத்திருக்கு. பொறுமையாத் திங்கணும்னு பாக்கேன், கை கேக்கமாட்டேங்கு. வயித்துல ஒண்ணும் இல்ல, அதான். பசின்னு உங்ககிட்ட நான் சொன்னதா எடுத்துக்கிடாதிய. சும்மா ஒரு தகவல்.

எம் பேரு ஞானசிகாமணி. எங்க போறேன்னு கேக்கியளா? நீங்க கேக்கலாம், உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கெடையாது. எம் பெஞ்சாதியக் கூட்டிட்டு வரப் போறேன். தங்கபுஷ்பம்னு பேரு. ஆலடிவிளையில அவ அண்ணன் பொன்ராஜ் வீட்டுல இருக்கா. இன்னைக்குச் சாயங்கால ரயில்ல அவளத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறானாம். அங்க பனியன் கம்பெனிப் பிள்ளைங்க தங்குத விடுதியில சமையலுக்கு ஆள் வேணுமாம். மத்தியானச் சோறு தின்ன கையோட வீட்டவிட்டுக் கெளம்பிருவாவன்னு பக்கத்து வீட்டு ரூபாவதி அக்கா சொன்னாவ. அதுக்கு முந்தி நான் போய்ச் சேரணும். சேந்தா நாங்க புருசன் பெஞ்சாதி. சேரலன்னா அவ அங்க, நான் இங்க. எங்களுக்குப் பிள்ளைகுட்டி கெடையாது, அண்ணாச்சி. இழுத்துக் கட்ட வேற கயிறு இல்ல.

உங்க கையில வாட்ச் இருக்கு. மணி என்னன்னு நான் கேக்கல. கையக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வச்சா நானே பாத்துக்கிடுவேன். ஆங். ஐயோ, இவ்வளவு ஆயிட்டா. இந்த வண்டி ஏன் இப்படி உருட்டுது?

விசயம் என்னன்னா, நான் கருப்பட்டி மண்டியில எடை போட்டுக்கிட்டிருந்தேன். மண்டிய மூடிட்டாவ. ஊருல எல்லாரும் சிகாமணிக்கு வேலை போயிட்டுன்னு பேசுதாவ. அது தப்பு. மூடுததுக்கு முந்தின வாரமே நான் மனசுக்குள்ள வேலைய விட்டுட்டேன். முதலாளிகிட்ட சொல்லுததுக்குள்ள அவரு முந்திக்கிட்டாரு, அவ்வளவுதான். அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல, ஆண்டவர் செஞ்சத அவனவன் சபைக்கு முன்னால சொல்லுத சாட்சி நேரத்துல எந்திரிச்சு நின்னேன். இனிமே நான் மனுசன்கிட்ட சம்பளம் வாங்கமாட்டேன், எனக்கு இது வேணும்னு வாயத் தொறந்து ஒரு மனுசன்கிட்டயும் கேக்கமாட்டேன், அன்னன்னைக்கு ஆகாரத்த ஆண்டவர் அன்னன்னைக்குத் தருவாருன்னு பொருத்தனை பண்ணினேன். உபதேசியாரு துண்டால கண்ணத் தொடச்சாரு. புஷ்பம் பெண்கள் பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அவகிட்ட முந்தியே சொல்லலியேன்னு அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

ஆண்டவர் தந்தாரா இல்லையான்னு கேளுங்க. தந்தாரு. ஊருல மண்டி போயி, மண்டிய நம்பி இருந்தவனெல்லாம் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். எங்க வீட்டு அரிசிப்பானை மட்டும் வத்தல. மழை இல்ல, வேலை இல்ல, சம்பளம் இல்ல. ஆனா மத்தியானம் ஆனா தட்டுல சோறு இருக்கும். நான் பானைய எட்டிப் பாக்கமாட்டேன். எட்டிப் பாத்தா அது சந்தேகம். தட்ட மட்டும் பாப்பேன்.

ஸ்தோத்திரம் சொல்லாம ஒரு வாய் வச்சதில்ல, அண்ணாச்சி. ஒவ்வொண்ணா பேரு சொல்லிச் சொல்லுவேன். சோத்துக்கு ஸ்தோத்திரம், ரசத்துக்கு ஸ்தோத்திரம், துவையலுக்கு, உப்புக்கு, அடுப்புல எரிஞ்ச வெறகுக்கு. புஷ்பம் கரண்டியும் கையுமாப் பக்கத்துல நிப்பா. ஒருநாள் சோறு ஆறிப்போகுதுன்னா. ஆறுன சோத்துக்கும் ஸ்தோத்திரம்னு சொன்னேன். அவ சிரிக்கல. அந்த நாள்ல அவளுக்குச் சிரிப்பே கொறஞ்சுபோச்சு.

அவளா? எனக்குப் பொறவுதான் சாப்பிடுவா. சாப்பிட்டிருப்பா. நான் தின்னு முடிச்சதும் கொஞ்சம் படுப்பேன், அதனால பாத்ததில்ல. அவ ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டுன்னு ரூபாவதி அக்கா ஒருநாள் சொன்னாவ. உபவாசம் இருந்தா ஒடம்பு இளைக்கத்தான் செய்யும், நல்லதுதானன்னு சொல்லிட்டேன்.

அந்த அக்காவோட அடுப்படி எங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா இருக்கு. நான் விடியக்காலம் ஜன்னல் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணுவேன். காத்து வரும்லா. ஆண்டவரே, தேங்காய் எண்ணெய் தீந்துட்டு, மண்ணெண்ணெய் தீந்துட்டு, எல்லாத்தையும் உம்முடைய பாதத்துல வைக்கேன்னு மனசுவிட்டுச் சொல்லுவேன். பொழுது சாயுததுக்குள்ள வந்துரும். யாரு கொண்டாந்தான்னு புஷ்பத்துக்கிட்ட கேட்டதே இல்ல. கேக்கக்கூடாது. நான் ஞாயித்துக்கிழமை தோறும் இதைத்தான் சாட்சியாச் சொல்லுவேன். அல்லேலூயான்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. பெண்கள் பக்கத்துலதான் அவ்வளவு சத்தம் வராது. அது ஏன்னு அப்ப எனக்கு வெளங்கல.

என்ன நின்னுட்டான்? ரயில்வே கேட்டா? போச்சு. சாமான் வண்டி போனா அது பாட்டுக்கு ஊரு நீளத்துக்குப் போகும். ஆண்டவரே, இந்தக் கேட்டத் தொறந்து விடும். ஏன் அண்ணாச்சி, கேட்காரன் கிட்டப் போய்க் கேக்கணும்னா சொல்லுதிய? கேட்டா மட்டும் தொறந்துருவானா? அதெல்லாம் நான் மேலதான் கேப்பேன்.

சரி, நிக்கும்போதே சொல்லிருதேன். உங்க பக்கத்துல உண்டோ என்னமோ, எங்க கோயில்ல கைப்பிடி அரிசின்னு ஒரு பழக்கம். வீட்டுல ஒலைக்கு அரிசி அளக்கையில, களையுததுக்கு முந்தி ஒரு பிடி எடுத்துத் தனியா ஒரு டப்பாவுல போட்டுரணும். அது ஆண்டவருக்கு உள்ளது. சனிக்கிழமை பெண்கள் சங்கத்துல இருந்து ஒருத்தி வீடு வீடாப் போயி அதச் சாக்குல வாங்கிட்டு வருவா. ஞாயித்துக்கிழமை அதப் பீடத்துல வச்சு ஜெபம் பண்ணி, வித்து, ஊழியத்துக்குக் குடுப்பாவ. எங்க தெருவுக்கு அந்த வேலை தங்கபுஷ்பத்துக்கு. அவளுக்குக் கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அவதான் போவா. நல்ல வேலைன்னு நானும் விட்டுட்டேன். ஆண்டவர் வேலைதான.

இப்பக் கேளுங்க. கொஞ்ச நாளா எங்க வீட்டுச் சோறு ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு பருக்கை கொழஞ்சு கெடக்கும், ஒரு பருக்கை வெறச்சு நிக்கும். நாக்குல பச்சரிசி, பல்லுல புழுங்கலரிசி. சமைக்க மறந்துட்டியான்னு கேட்டேன். பெஞ்சாதிகிட்டக் கேக்கலாம், அது தேவையக் கேக்குறது இல்ல, கொறையச் சொல்லுறது. அவ பானையத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. ஒருநாள் தட்டுல செவப்பா ஒரு பருக்கை. கேரளத்து அரிசி. எங்க தெருவுல செவப்பரிசி பொங்குத வீடு ஒண்ணே ஒண்ணுதான், ரூபாவதி அக்கா வீடு. அவிய மகன் பாலக்காட்டுல இருக்கான், மூட்டை மூட்டையா அனுப்புவான்.

புரியுதா உங்களுக்கு? கலவை அரிசி. பல வீட்டு அரிசி. ஆண்டவருக்குன்னு பிரிச்ச கைப்பிடி அரிசிய எம் பெஞ்சாதி எடுத்து எனக்குப் பொங்கிப் போட்டிருக்கா. நான் அதுக்கு ஸ்தோத்திரம் பண்ணித் தின்னிருக்கேன். ஆண்டவர் சாமானத் திருடி, அந்த ஆண்டவருக்கே நன்றி சொல்லியிருக்கேன். அவகிட்ட ஒண்ணும் கேக்கல. தட்டத் தள்ளி வச்சுட்டேன். அன்னைக்குப் பூரா உபவாசம். அவ ரெண்டு மட்டம் வந்து, ஒடம்புக்கு என்னன்னு கேட்டா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாட்சி நேரம். எந்திரிச்சேன். எல்லாரும் வழக்கம்போல அரிசிப்பானை சாட்சிதான் சொல்லப்போறேன்னு நெனச்சாவ. நான் சொன்னேன்:

"என் வீட்டுல ஒரு பாவம் நடந்துட்டு. கர்த்தருக்குன்னு எடுத்து வச்ச கைப்பிடி அரிசிய எம் பெஞ்சாதி எடுத்து ஒலையில போட்டுட்டா. அவளுக்காக நான் சபைக்கு முன்னால மன்னிப்புக் கேக்கேன்."

நாயம்தான அண்ணாச்சி? மறைக்கலியே நான். வேற எவன் இப்படி வெளிச்சத்துல சொல்லுவான்? புஷ்பம் முந்தானைய இழுத்துக் கழுத்தோட பிடிச்சுக்கிட்டா. தலையக் குனியல. என்னப் பாத்தா. பொருத்தனை பண்ணின அன்னைக்குப் பாத்தா பாருங்க, அதே மாதிரி.

அப்ப ரூபாவதி அக்கா எந்திரிச்சாவ. பெண்கள் அந்த நேரத்துல எந்திரிச்சுப் பேசுத வழக்கம் எங்க கோயில்ல இல்ல. எந்திரிச்சாவ. சத்தமே போடல. சொன்னாவ:

"கோயில் அரிசியில ஒரு மணி கொறயல. நீங்க அளந்து பாத்துக்கிடலாம். வேலைய விட்டேன்னு இவரு சொன்ன அன்னையில இருந்து நாங்க ஒலை வைக்கையில ரெண்டு பிடி எடுக்கோம். ஒண்ணு கோயிலுக்கு, ஒண்ணு தங்கபுஷ்பத்துக்கு. அவ கேக்கல. வாங்கமாட்டேன்னுதான் அழுதா. நாங்கதான் அவ மடியில தட்டுனோம்."

பெண்கள் பக்கம் ஒவ்வொருத்தியா எந்திரிச்சு நின்னாளுவ. உபதேசியாரு கீழ பாத்துக்கிட்டாரு.

நான் சந்தோசப்பட்டிருப்பேன்னு நீங்க நெனைக்கிய. திருட்டு இல்லன்னு ஆயிட்டே, பெறகென்னன்னு. அண்ணாச்சி, இதுக்கு அது தேவல. திருடியிருந்தா மன்னிச்சிருப்பேன். என் பொருத்தனை என்ன ஆச்சு? என் சாட்சி என்ன ஆச்சு? வானத்துல இருந்து வருதுன்னு வாரா வாரம் சொல்லிக்கிட்டிருந்தேன், அது தெருமுனையில இருந்து வந்திருக்கு. அது தெரியாம அவ்வளவு பேருக்கு முன்னால நின்னு பேசியிருக்கேன். அவளுவ எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நெனச்சா இப்பவும் காது சுடுது. பிச்சைச் சோத்த எனக்குப் போட்டுட்டியேன்னு அங்கயே அவகிட்டச் சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

என்ன அப்படிப் பாக்கிய? உங்களுக்குத் தெரியாது. எங்க கோயில்ல வருசத்துக்கு ஒருதரம் அசனம் நடக்கும். ஊரே சேந்து பொங்கி, ஊரே உக்காந்து சாப்பிடுத விருந்து. சாப்பிட்டதுபோக வீட்டுக்கும் பாத்திரத்துல வாங்கிட்டுப் போவாவ. எங்க அப்பா ஒருதரம் வாங்கிட்டு, மறுபடியும் வாளியத் தூக்கிட்டு வரிசையில போய் நின்னாரு. கரண்டி பிடிச்சிருந்தவன், இப்பத்தான வாங்குனன்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொன்னான். அப்பா சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே வாளிய நீட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் அவரு வேட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு எனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு அண்ணாச்சி. மனுசன்கிட்டக் கேக்க எனக்கு வாய் வராது. பொருத்தனைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பொருத்தனை வேற, இது வேற.

கேட் தொறந்துட்டு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். பாத்தியளா, கேக்காமலே தொறந்துட்டு. ரயில் போயிட்டுன்னா தொறக்கத்தான் செய்வான்னு சொல்லுதிய. சொல்லுங்க, சொல்லுங்க. கடலை இன்னும் கொஞ்சம் கெடக்குபோல அந்தப் பொட்டலத்துல. இல்ல, சும்மா பாத்தேன்.

கோயில்ல இருந்து வீட்டுக்கு வந்தா, புஷ்பம் பெட்டி கட்டுதா. நான் ஜெபம் பண்ண உக்காந்தேன். இங்க பாருங்கன்னா. நான் கண்ணத் தொறக்கல. தோளப் பிடிச்சு உலுக்கினா. இத்தன வருசத்துல அவ என்ன அப்படித் தொட்டது கெடையாது. சொன்னா:

"காட்டுல ஒளிஞ்சிருந்த தீர்க்கதரிசிக்குக் காக்கா ஆகாரம் கொண்டாந்து குடுத்த கதைய வாய் ஓயாமச் சொல்லுவியளே. அந்தக் காக்கா தின்னுச்சான்னு என்னைக்காவது நெனச்சியளா? நான் காக்கா இல்ல. கரண்டி பிடிச்ச கை உங்க முன்னால நீட்டிக்கிட்டு இருக்கையில, நீங்க மேல பாத்தே நன்றி சொன்னிய. ஆண்டவருக்குச் சொல்ல வேண்டாம்னு நான் சொல்லல. அவரு தந்ததுதான். என்னையும் அவருதான தந்தாரு?"

வாசல்படியில நின்னு இன்னொண்ணும் சொன்னா. "நான் திரும்பி வரணும்னா, நீங்க வந்து, எம் மூஞ்சியப் பாத்து, உங்க வாயால வான்னு கேளுங்க. எங் காதுல விழணும்னு ஆண்டவர்கிட்டச் சத்தமாச் சொல்லக்கூடாது. என்கிட்டக் கேக்கணும்." சொல்லிட்டுப் போயிட்டா.

வான்னு கேக்கணுமாம். புருசன் பெஞ்சாதிகிட்டக் கேக்கணுமாம். ஒன்ன மன்னிச்சுட்டேன், கெளம்புன்னு சொல்லுததா இருந்தா எனக்குக் கஷ்டம் இல்ல. அது சொல்லுறது. இது கேக்குறதுலா.

அவ போனதுல இருந்து ஆண்டவர் என்னச் சோதிக்காரு, அண்ணாச்சி. ஜன்னல்கிட்ட நின்னு தொண்டை கட்டுத மட்டுக்கும் ஜெபம் பண்ணுதேன், ஒண்ணும் வரல. எண்ணெய் வரல, அரிசி வரல. பானையத் தொறந்து பாத்தேன், பொருத்தனைக்குப் பொறவு முதல்தடவையா. பானை காலி. வெறும் வயித்துக்கும் ஸ்தோத்திரம்னு சொன்னேன். சத்தம்தான் பழையபடி வரல. பச்சத்தண்ணியக் குடிச்சுக் குடிச்சுப் படுத்துக் கெடந்தேன். அப்ப என்னமோ, சோறு ஞாபகம் வரல. அவ கரண்டியும் கையுமா நிக்குததுதான் கண்ணுக்குள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு. அது எதனாலன்னு தெரியல. பசி மயக்கமா இருக்கும்.

இந்தா மேல கம்பியில வச்சிருக்கேன்லா, அந்த மஞ்சப்பை, அது ரூபாவதி அக்கா குடுத்து விட்டது. காலையில வந்து வாசல்ல நின்னாவ. புஷ்பத்த இன்னைக்கு ரயிலேத்துதாவன்னு சொன்னாவ. அவ இல்லாததால சனிக்கிழமை யாரும் வரல, அவ பங்கு ரெண்டாம் பிடி எங்க எல்லார் வீட்டுலயும் சேந்துகிட்டே கெடக்கு, இத அவ கையில குடுத்துருங்கன்னு பைய நீட்டுனாவ. பாருங்களேன், அரிசி அத்தனை வீட்டுலயும் இருந்திருக்கு, நான் நடுவுல பட்டினி கெடந்திருக்கேன். ஆண்டவர் வழிய அடைச்சுட்டாரு. வேற என்ன காரணம் இருக்க முடியும்?

அதுல ஒரு பிடி எடுத்து நான் வாயில போடல. அவளுக்குக் குடுத்தது. பச்சையாத் தின்னாலும் தின்னிருப்பேன், அந்த நெலமை. தொடல.

இது மூணாந்தடவை நான் இந்த பஸ்ஸுல வாரது. ஆமா. ஏற்கெனவே ரெண்டு மட்டம் வந்தேன். ஊருக்குப் பாதை பிரியுத அந்த விலக்குல கேட்டாத்தான் நிறுத்துவான். நான் கேக்கல. ஆண்டவருக்குச் சித்தம்னா நிக்கும்னு உக்காந்திருந்தேன். நிக்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி அப்படியே திரும்பி வந்துட்டேன். சித்தமில்லன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டாந்தடவை விலக்கு தாண்டுறப்போ ஜன்னல் வழியாப் பாத்தேன். பொன்ராஜ் வீட்டு ஓடு தெரிஞ்சுச்சு. கொடியில அவ சேலை காஞ்சுது. பச்சைச் சேலை.

சிரிக்கிய. சிரிங்க. உங்க வாட்ச்சத் திருப்புங்க. இல்ல, வேண்டாம். பாக்க வேண்டாம்.

அந்தா நீலத் தண்ணித்தொட்டி தெரியுதுலா, அதத் தாண்டுனா விலக்கு. கண்டக்டர் முன்னால டிரைவர்கிட்டப் பேசிக்கிட்டிருக்கான். இந்தப் பக்கம் திரும்பமாட்டேங்கான். ஆண்டவரே, ஆலடிவிளை விலக்குல வண்டி நிக்கணும். ஆண்டவரே, விலக்கு. இப்பச் சத்தமாத்தான் சொன்னேன், உங்களுக்குக் கேட்டிருக்கும். ஏன் அண்ணாச்சி வெளிய பாக்கிய? டிக்கெட்டுக்கு வாயத் தொறந்திய, கடலைக்குக் கைய நீட்டுனிய, இதுக்கு மட்டும் ஏன் பேசாம இருக்கிய? ஒரு சத்தம் குடுத்தா நிறுத்துவான். நான் கேக்கல. சும்மா சொல்லுதேன்.

என்ன? பெஞ்சாதி ஒங்களுக்கு, நீங்களே கேளுங்கன்னா சொல்லுதிய?

தொட்டி தாண்டிட்டு. இவன் என்ன இப்படி அழுத்துதான்.

அந்தா. அந்தா நிக்கா, அண்ணாச்சி. எதுத்தாப்புல, அந்த நெழல்குடைக்குக் கீழ. பொன்ராஜ் கையில பெட்டி. முந்தியே கெளம்பிட்டாவ. அதே பச்சைச் சேலை. ரவிக்கை தோள்ல நிக்காமத் தொங்குது. இவ்வளவு மெலிஞ்சா போனா? எப்பருந்து? நான் பாக்கவே இல்லியே. நான் தட்டத்தான பாத்தேன்.

தாண்டுது, தாண்டிட்டு. அங்க அவ வண்டி வருது, ரயிலடிக்குப் போற நாசரேத் பஸ்ஸு, அவ கையக் காட்டுதா.

தம்பி. கண்டக்டர் தம்பி, நிறுத்தச் சொல்லுங்க. நான்தான், எனக்குத்தான் எறங்கணும். கேக்கேன்யா. உங்களக் கெஞ்சிக் கேக்கேன், நிறுத்துங்க.

நிக்குது. நின்னுட்டு. கொஞ்சம் வழி விடுங்கம்மா, எறங்கிக்கிடுதேன்.

அண்ணாச்சி, அந்த மஞ்சப்பைய எடுத்துத் தாங்க. நான் அவசரத்துல எடுத்தாக் கொட்டிரும். மெதுவா. ஒரு மணி சிந்தக்கூடாது. எத்தன அடுப்புல எடுத்த அரிசி அது.

ஓடிருதேன். வான்னு கேக்கணும், அவ்வளவுதான. வந்துரும். இப்ப வந்துச்சுலா, அதே மாதிரி வந்துரும்.

அண்ணாச்சி, டிக்கெட் எடுத்திய, கடலை தந்திய, இம்புட்டு நேரமும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு வந்திய. உங்க பேரு என்னன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலியே. சொல்லுங்க. பேரச் சொல்லுங்க, அண்ணாச்சி.